ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் அத்தான் முப்பத்திநாலு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்தது அந்த டிரைவர் சீட்டில் மட்டும்தான். என் அக்காவை அவர் கட்டிக்கொண்டபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். என் கல்யாணத்துக்கு இரண்டு டிரிப்புக்கு நடுவே யூனிபார்மோடு வந்தார். நின்றபடியே சாப்பிட்டார், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார், போய்விட்டார். மொத்தம் இருபது நிமிஷம். கல்யாண போட்டோவில் அவருடைய ஒரு தோள்பட்டை மட்டும் ஓரமாக இருக்கிறது. என் மாமியாரின் கடைசித் தம்பி ரொம்ப நாள் அதைக் காட்டி, "இந்தத் தோள் யாரு வீட்டுச் சொந்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா அதற்கு நேர் எதிர். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் மாட்டிக்கொண்டு ஒரே நாற்காலியில் எட்டு மணி நேரம் இருப்பாள். கூப்பிடுகிறவர்கள் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவாள். எங்கள் ஐந்து பேரில் மூத்தவள். எங்கள் எல்லாருடைய அழுகையையும் முழுசாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்த பதினொரு மாதமும் அக்காவுக்குத் தலைவலி. சமையலறை டப்பாக்களை உயரவரிசையில் மாற்றி அடுக்கினார். குக்கர் விசிலைக் கையில் கடிகாரம் பிடித்துக்கொண்டு எண்ணினார். பால்காரர் நாலு நிமிஷம் பிந்தியதற்கு வாசலில் நின்று விசாரணை வைத்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச் சபையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஓய்வு பெற்ற தம்பதிகள் ஒன்றரை வருஷம் வெளிநாட்டில் போய் ஊழியம் செய்யலாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. அத்தான் அன்றைக்கே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

"கேட்டா வரமாட்டேன்னு சொல்லுவே. அதான் கேக்கல."

"ஆண்டவர் கூப்பிட்டாரா, இல்ல உங்களுக்கு வீட்ல இருப்புக் கொள்ளலையா?"

"ரெண்டும்தான்னு வச்சுக்கோயேன்."

அப்படித்தான் கிளம்பினார்கள், அவர் அறுபத்திரண்டு வயதிலும் அவள் அறுபதிலும்.

போன இடத்தில் ஐந்தாவது மாடியில் இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். முதல் ஆறு வாரம் அந்த நாட்டு மொழி வகுப்பு. அக்காவுக்குக் காது கூர்மை, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அத்தான் எண்களையும் ஏழு வாக்கியங்களையும் கற்றுக்கொண்டு, "இது போதும், வண்டி ஓடும்" என்று நிறுத்திவிட்டார்.

அவர்களுக்குக் கொடுத்த வேலை இதுதான். அந்தப் பகுதி சபையில் பெயர் இருந்தும் ஆலயத்துக்கு வருவதை விட்டுவிட்டவர்கள் அறுபத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும், அவர்கள் விரும்பினால் ஜெபிக்க வேண்டும், வாரம் ஒருமுறை அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டம். ஒன்று, எத்தனை வீடு பார்த்தீர்கள். இன்னொன்று, என்ன பேசினீர்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு கண்டிப்பான விதி உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்துதான் போக வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது.

இந்த விதியைச் சொன்னவர் அங்கிருந்த மிஷன் அலுவலகப் பொறுப்பாளர். நாற்பது வயதுப் பெண்மணி. எதற்கு மாட்டேன் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வாளாம். அதனால் அத்தான் அவளுக்குச் சிரிப்பம்மா என்று பெயர் வைத்தார்.

அறுபத்திரண்டு வீட்டுப் பட்டியலைப் பார்த்ததும் அத்தானுக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு பெரிய தாளை மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, டிப்போவில் டிரிப் ஷீட் போடுவதுபோல் ஒரு கால அட்டவணை தயாரித்தார். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். அடுத்த வீட்டுக்கு நடக்க ஏழு நிமிஷம். ஒரு நாளைக்குப் பதினாலு வீடு, வாரத்துக்கு ஐந்து நாள்.

"அவங்க பேசிக்கிட்டே இருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"அடுத்த வாரம் வருவோம்ல. விட்ட இடத்துலேர்ந்து பேசட்டும்."

அதுபோலவே நடந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் முழங்கால் இரண்டிலும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். அவருடைய ஏழு வாக்கியங்களில் ஒன்றான "நேரம் ஆச்சு, வருகிறோம்" என்பதைச் சொல்வார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். யாராவது தேநீர் போட்டுக் கொண்டுவந்தால் அவர் நின்றபடி குடித்து முடித்திருப்பார். அக்காவினுடையது ஆடை கட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எனக்குப் போன் செய்வாள். "வீடு வீடாப் போறேன்டி, ஒருத்தர் முகமும் மனசுல நிக்கல. பஸ் ஜன்னல்லேர்ந்து பாக்குற மாதிரி போகுது" என்பாள்.

சிரிப்பம்மாவுக்கு மட்டும் ரொம்பச் சந்தோஷம். வேறு எந்தத் தம்பதியும் வாரத்துக்கு எழுபது காட்டியதில்லை. கூட்டத்தில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தாளாம். அத்தான் அதற்கு முன்பே நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் வருஷம் ஒன்று முடிந்தும் அறுபத்திரண்டு வீட்டிலிருந்து ஒருவரும் ஆலயத்துப் பக்கம் வரவில்லை. என்ன பேசினீர்கள் என்ற கட்டத்தை அக்கா காலியாகவே விட்டுக் கொடுத்துவந்தாள். அதை யாரும் கேட்கவும் இல்லை.

பட்டியலில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை செய்து ஓய்ந்தவர், எழுபத்தைந்து வயது, தனி ஆள். மூன்றாவது மாடி. அவர் வீட்டு ஜன்னல் அத்தனை துப்புரவாக இருக்குமாம். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று அக்கா ஒருதடவை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை போனார்கள். அவர் கதவைத் திறப்பார், நாற்காலி காட்டுவார், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்பார், அவ்வளவுதான். ஆனால் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அவர் சொல்வது அக்காவுக்கு முழுதாகப் புரியும்.

பதினாலாவது மாதம் போயிருந்தபோது அவர் அக்காவைப் பார்த்துத் தானாகவே ஆரம்பித்தார்.

"என் மனைவி கடைசியாக சர்ச்சுக்கு வந்த அன்று…"

அத்தான் முழங்காலில் தட்டினார். எழுந்தார். "நேரம் ஆச்சு, வருகிறோம்."

கண்ணாடிக்காரர் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று என்றாள் அக்கா. அத்தானுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் பின்னால் பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது.

அடுத்த வாரம் மறுபடி அங்கே போனார்கள். தட்டினார்கள். உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு மறுவாரம் திங்கட்கிழமை காலையில் அத்தான் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அக்கா செருப்பைக்கூடத் தொடவில்லை.

"என்ன கிளம்பலையா? முதல் வீடு ஒன்பதரை."

"நான் வரல."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. உங்க பஸ்ல இனிமே நான் ஏறுறதா இல்ல."

"நான் என்ன தப்பு பண்ணேன்? எல்லாருக்கும் பன்னிரண்டு நிமிஷம்தானே. அந்த ஆளுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணேனா?"

"பேசுறவங்க பாதியில இருக்கும்போது லைனைப் பிடுங்கினா என் வேலையில மெமோ குடுப்பாங்க. இருபத்தெட்டு வருஷத்துல நான் ஒருத்தர் பேச்சையும் துண்டிச்சதில்ல. நீங்க என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே துண்டிச்சிட்டீங்க. அந்த மனுஷன் என்ன சொல்ல வந்தாரோ, அதைச் சொல்லி முடிக்கட்டும். அந்தக் கதவு திறக்கட்டும். அதுவரைக்கும் நான் வேற எந்தக் கதவையும் தட்டமாட்டேன்."

"மிச்சம் அறுபத்தோரு வீடு இருக்கே!"

"இருக்கட்டும். சரி, ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. உங்க பட்டியல்ல இருக்குற அந்த பேக்கரிக்காரி வீட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கோம்?"

"ஐம்பத்தாறு," என்றார் உடனே.

"அவளுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

அத்தான் நோட்டைப் புரட்டினார். அதில் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அழகாக எழுதியிருந்தது.

"மூணு," என்றாள் அக்கா. "அதுல ஒருத்தன் அவகிட்ட பேசறதில்ல. அதுவும் அவ நமக்குக் கதவைத் திறந்துவிட வரும்போது நடந்துக்கிட்டே சொன்னது."

விதி இருக்கிறதே, அத்தான் தனியாக ஒரு வீட்டுக்கும் போக முடியாது. அவள் வராவிட்டால் அறுபத்திரண்டு வீடும் நின்றுபோகும். வேறு வழியில்லாமல் அவளோடு கண்ணாடிக்காரர் வீட்டுக்கே போனார். அக்கா ஒரே ஒரு தடவை தட்டினாள். "அது அவர் வீடு, திறக்குறதும் திறக்காததும் அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது மாடிப் படியின் மேல் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்வரைக்கும் இருந்தாள். மறுநாளும் அப்படியே.

அத்தானால் உட்கார முடியுமா? முதலில் மூச்சு வாங்க நின்றார். பிறகு கீழே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி கீழே போனார். மொத்தம் ஐம்பத்திநாலு படி. தடதடவென்று இறங்குவதும் ஏறுவதுமாக, நாள் பூராவும் அதே வேலை. கைப்பிடிக் கம்பியில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து முடுக்கினார். முதல் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் அக்காவிடம் வந்து, "இந்தப் பெரியவருக்கு மூட்டுவலியே வராதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் சாயங்காலம் சிரிப்பம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, எப்போதும் எழுபது. இந்த வாரம் சைபர். மேலே கேட்டால் நான் என்ன சொல்ல?"

"ஒரு வீட்டு வாசல்ல இருக்கோம்னு சொல்லுங்க."

"அவர்தான் திறக்கவில்லையே?"

"அதனாலதான் இருக்கோம்."

சிரிப்பம்மா சிரித்தாள். வெள்ளிக்கிழமை அறிக்கையும் சைபராக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும், அவர்கள் வழக்கமாக ஊருக்குத் திரும்ப டிக்கெட் அனுப்பிவிடுவார்கள், வருத்தம்தான், ஆனால் அப்படித்தான் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அத்தான் அந்த இரண்டு அறைக்குள் கூண்டில் அடைத்ததுபோல் நடந்தார்.

"நான் ஒரு மெமோ வாங்கினதில்ல. இந்த வயசுல டிக்கெட் குடுத்துத் துரத்திட்டாங்கன்னா சபையில எப்படித் தலை நிமிர்ந்து நிப்பேன்? வேற யாரும் வேணாம், உன் தங்கச்சி ஒருத்தி போதும், ஊர் பூரா ஒலிபரப்பிடுவா."

என்னைத்தான் சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள் அக்கா. "வர மனசில்லாம கிளம்பினவ நான். இப்ப பாதியில போக மாட்டேன்னு சொல்றதும் நான்தான். அதுக்காக அந்த மனுஷனை அப்படியே விட்டுட்டு மத்த வீட்ல போய் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, அது ஊழியமாங்க? ஊர்வலம்."

அன்றைக்கு அவர் ஜெபம் பண்ணும்போதுகூட அறைக்குள் நடந்துகொண்டேதான் பண்ணினாராம்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா தட்டினாள், உட்கார்ந்தாள். அத்தான் ஏறினார், இறங்கினார். அன்றைக்கு அவருக்குப் பதற்றம் ஜாஸ்தி. இரண்டிரண்டு படியாகத் தாண்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணி இருக்கும். பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றியது. கதவு படாரென்று திறந்தது.

"யார் அது, ஐந்து நாளாக என் வீட்டு வாசலில் குதிரை ஓட்டுவது?" என்று கண்ணாடிக்காரர் கத்தினார். "எனக்கு மண்டைக்குள் படி ஓடுகிறது! ஒன்று, உள்ளே வந்து உட்கார். இல்லையென்றால் உன் நாட்டுக்குப் போய் ஓடு!"

அத்தான் அப்போது கீழ்த்தளத்தில் இருந்தார். மொழி புரியாவிட்டாலும் யாரைத் திட்டுகிறார்கள் என்பது புரியுமல்லவா? ஒரே மூச்சில் மேலே வந்து நின்றார்.

உள்ளே போனார்கள். கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. டெலிபோனில் எதிர்முனை பேசாமல் இருக்கும்போது காத்திருப்பதுபோல் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் சொன்னார். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக அத்தானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் மனைவிக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. ஆலயத்துக்கு ஒன்பது படி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவாள். கை கொடுத்தால் பிடிக்காது. அன்றைக்கு ஏழாவது படியில் நின்றிருந்தபோது, வாசலில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் ஆச்சு" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

"கெட்டவர் இல்லை," என்றார் கண்ணாடிக்காரர். "குளிர்காற்று உள்ளே போகும், பாட்டும் தொடங்கிவிட்டது. தட்டினால் திறந்திருப்பார். நான் தட்டப்போனேன். அவள்தான் வேண்டாம், இறங்கிவிடலாம் என்றாள். ஏழு படியும் திரும்ப இறங்கினோம். ஏறியதைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. அந்த வருஷமே போய்விட்டாள். அந்தப் படியில் அப்புறம் எனக்குக் கால் எழவில்லை."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். மறுபடியும் கிளம்புகிறார் என்று நினைத்து அக்கா அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் போகவில்லை. ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

"நான் சொல்றதை அவர்கிட்ட அப்படியே சொல்லு," என்றார். "கூட்டிக் குறைக்காதே."

"சொல்லுங்க."

"ஒரு மத்தியான டிரிப். நல்ல மழை. ஸ்டாப்புல ஆள் ஏத்திட்டேன். பின்னால ஒரு அம்மா, வயசானவங்க, ரெண்டு கையிலயும் பையோட ஓடி வராங்க. கண்ணாடியில பார்த்தேன். நல்லாத் தெரிஞ்சுது. ஏற்கனவே மூணு நிமிஷம் லேட்டு. கண்டக்டர் விசில் குடுத்தான். நான் எடுத்துட்டேன்."

அக்கா சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த அம்மாவைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்புறம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்."

"அந்த அம்மா?"

"தெரியாது. கையை ஆட்டிக்கிட்டே நின்னாங்க. வளைவு வந்துடுச்சு."

மன்னியுங்கள் என்பது அத்தானுடைய ஏழு வாக்கியங்களில் இல்லை. அக்காவிடம் கேட்டார், அவள் காதோடு சொன்னாள். திக்கித் திணறி அதைச் சொன்னார். கண்ணாடிக்காரர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"உட்கார்," என்றார். "நான் இன்னும் முடிக்கவில்லை."

அன்றைக்கு மாலை நாலுமணிவரைக்கும் அவர் பேசினார். மனைவியைப் பற்றிப் பாதி, கண்ணாடி வெட்டுவது பற்றிப் பாதி. அத்தான் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் அவர் வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. மேஜையில் கோப்பை கிணுகிணு என்று சத்தம் போட்டது. கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்தாமலே கோப்பையை எடுத்துத் தூர வைத்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனாராம்.

அந்த வாரத்து அறிக்கையில் பார்த்த வீடு ஒன்று. என்ன பேசினீர்கள் என்ற கட்டத்தில் இடம் போதாமல் அக்கா நாலு தாள் தனியாக எழுதிச் சேர்த்திருந்தாள், கண்ணாடிக்காரரைக் கேட்டுக்கொண்டுதான். சிரிப்பம்மா நின்றபடி வாசிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து வாசித்து முடித்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தார்களாம்.

"தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதவில்லை," என்றாள். "ஆனால் அடுத்த வாரத்துக்கு ஓர் எண்ணாவது சொல்லுங்கள்."

அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"மூணு போடுங்க," என்றார் அத்தான். "ஒரு நாளைக்கு மூணு. அதுக்கு மேல இந்த வண்டி ஓடாது."

ஒன்றரை வருஷத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆலயத்துக்கு வந்தாரா என்று எங்கள் சபையில் எல்லாரும் கேட்கிறார்கள். வரவில்லை. அவர்கள் கிளம்புகிறவரைக்கும் வாராவாரம் அவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருதடவை ஏழு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அத்தானே அரைமணி நேரம் அவரோடு வாதாடினார், எதைப் பற்றி என்று அக்காவுக்கே புரியவில்லை. பேக்கரிக்காரி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போனாளாம். அதையும் அக்கா எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அத்தான் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொன்னால் என் பிள்ளைகளே சிரிப்பார்கள். போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததிலிருந்து அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. கண் இரண்டு தடவை வாசல் பக்கம் போயிற்று, கை ஒருதடவை முழங்காலுக்குப் போயிற்று. நான் என் மூத்த மருமகள் விஷயத்தை ஆதியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் அத்தான் எழுந்தார். எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் குடும்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.